பூட்டிய மன்றமும் விலைபோகும் மண்ணும்

ஒரு நகரத்தின் நிலம் யாருடையது? எந்தத் தெருவில் வீடுகள் மட்டுமே இருக்க வேண்டும், எந்த இடத்தில் ஆலை எழலாம், எந்த ஏரிக்கரையில் ஒரு செங்கல்லும் வைத்தல் ஆகாது, எத்தனை மாடிக்குமேல் ஒரு கட்டடம் உயர்தல் கூடாது என்றெல்லாம் முடிவு கட்டுதற்கு உரியவர் யாவர்? அந்நகரத்தில் உழைத்து, வரி கொடுத்து, கோடையில் குடத்தோடு தண்ணீர் ஊர்திக்குக் காத்து நின்று, கார்காலத்தில் இடுப்பளவு வெள்ளத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கி நடக்கும் மக்களா? அன்றி, அம்மக்களின் வாக்கு ஒன்றையும் பெறாமல் மேலிருந்து அமர்த்தப்பெற்ற ஒரு குழுவா?

குடியாட்சி நாடு என்று சொல்லிக்கொள்ளும் நாட்டில் இவ்வினாவே எழுதல் கூடாது. நியூயார்க்கு நகரில் ஒரு நிலப்பகுதியின் வகைப்பாட்டை மாற்ற வேண்டுமானால், அது வட்டாரக் குழுவின்முன் வைக்கப்பெற்று, பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பெற்று, நகர மன்றத்தின்முன் வந்து நிற்கிறது. இலண்டன் நகரின் வட்டார மன்றங்கள் தத்தம் எல்லைக்குள் எழும் பெருங் கட்டடங்களைப்பற்றி, தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினர் குழுக்களில் வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்கின்றன. அங்கும் பணம் பேசாமலில்லை; சூழ்ச்சி நடவாமலில்லை. ஆயினும் பேச்சு மன்றத்தில் நடக்கிறது. யார் எப்பக்கம் கையுயர்த்தினார் என்பது ஊருக்குத் தெரிகிறது. அடுத்த தேர்தலில் அவரை நிறுத்திக் கேட்க ஊருக்கு வாய்ப்பிருக்கிறது.

சென்னையின் நிலை என்ன? சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டு தோன்றியது. இந்திய மாநகராட்சிகளில் மூத்தது என்று அதன் முதுமையைப் பேசிப் பெருமை கொள்ளாத மேடையில்லை. ஆனால் அம்மூத்த மாநகராட்சியின் மாமன்றத்திற்குத் தன் நகரத்து நிலத்தைப்பற்றி முடிவெடுக்கும் ஆளுமை இல்லை என்பதை எந்த மேடையிலும் எடுத்துரைப்பார் இலர். தெருவிளக்கு எரியவில்லை என்று அங்கே பேசலாம். கழிவுநீர் தேங்குகிறது என்று முறையிடலாம். அக்கழிவுநீர் தேங்கும்படி, நீரோடும் தடத்தில் பத்து மாடி எழுப்ப ஒப்புதல் தந்த முடிவை மட்டும் அங்கே தடுத்து நிறுத்த முடியாது. ஏனெனில் அம்முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை.

‘கலாம்’ என்னும் ஈறு

அரசியற் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் பட்டியலில் நகராட்சிகளுக்குரியனவாகப் பதினெட்டுப் பணிகள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது நகரமைப்புத் திட்டமிடல். இரண்டாவது நிலப்பயன்பாட்டையும் கட்டடங்கள் எழுப்புவதையும் நெறிப்படுத்தல். குப்பையும் விளக்கும் சுடுகாடும் அதற்குப் பின்னரே வருகின்றன. சட்டம் எழுதியவர்கள் எதை முதன்மையாகக் கருதினார்கள் என்பதற்கு இவ்வரிசையே சான்று.

ஆயின், இப்பணிகளை நகராட்சிகளுக்கு மாநிலச் சட்டமன்றம் ‘ஒப்படைக்கலாம்’ என்றுதான் அச்சட்டம் கூறியது. ‘ஒப்படைக்க வேண்டும்’ என்று கூறவில்லை. அந்தக் ‘கலாம்’ என்னும் ஈற்றுக்குள் ஆட்சிகள் முப்பதாண்டுகளுக்கு மேலாக ஒளிந்துகொண்டுள்ளன. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, கோட்டையில் அமர்ந்தவர் மாறினர், இவ்வொன்றில் மட்டும் ஒருவர்க்கொருவர் வேறுபட்டாரில்லை. தில்லி தமிழ்நாட்டின் உரிமைகளைப் பறிப்பதாக முழங்குவோர், அம்முழக்கம் ஞாயமானதே யாயினும், தம் கீழுள்ள ஊரவைக்கும் நகர மன்றத்திற்கும் உரியதைத் தாமே பறித்து வைத்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மாநிலத்திற்குத் தன்னாட்சி வேண்டுமென்று கேட்கும் வாய்க்கு, மாநகரத்திற்குத் தன்னாட்சி மறுக்க எங்கிருந்து உரிமை வந்தது?

இன்று நிலத்தை வகைப்படுத்துவதும், பெருங் கட்டடங்களுக்கு ஒப்புதல் தருவதும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பணி. அதன் தலைவர் மாநில அமைச்சர். சிறு கட்டடங்களுக்கு இசைவளிக்கும் வேலை மாநகராட்சி அலுவலர்க்கு உண்டு. அதுவும் குழுமம் பகிர்ந்து கொடுத்த ஆளுமையே யன்றி, மாமன்றத்திற்கு இயல்பாக உரியதாக வைக்கப்பட்டதன்று.

இருமுறை பூட்டப்பட்ட மன்றம்

இதனினும் கொடிய ஒன்று உண்டு. சென்னை நகரின் முகத்தை வரைந்த முடிவுகள் எப்பொழுதெல்லாம் எடுக்கப்பட்டன என்று நாள்வரிசையை எடுத்து வைத்துப் பார்ப்பவர் நெஞ்சு திடுக்கிடும்.

1973 திசம்பரில் சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டது. வருகைப் பதிவேட்டில் பொய்யாளர் பெயர் எழுதிப் பணம் எடுத்த ஊழல் அதற்குக் கரணியமாகக் காட்டப்பட்டது. ஊழல் செய்தாரை ஒறுத்திருக்கலாம், ஒறுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒறுக்கப்பட்டவர் நகரத்து மக்கள் அனைவரும்! மீண்டும் தேர்தல் நடந்து மாமன்றம் கூடியது 1996-இல். இருபத்து மூன்று ஆண்டுகள் அம்மன்றத்தில் மக்கள் நிகராளி ஒருவரும் இல்லை. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, வாக்களிக்கும் அகவையையும் கடந்துவிட்டது.

அவ்விருபத்து மூன்றாண்டுகளின் தொடக்கத்திலேயே, 1974-இல், பெருநகர வளர்ச்சிக் குழுமம் சட்டமுறையான அமைப்பாயிற்று. அடுத்து 1975-76-இல் முதலாம் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது ஆலைத்தொழில், எது வேளாண்மை என்று நகரம் முழுமையும் வண்ணம் தீட்டப்பட்டபோது, அந்நகரத்தின் மன்றம் பூட்டிக் கிடந்தது.

இரண்டாவது பூட்டு அண்மையது. 2016 அக்தோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. நடைபெறவிருந்த தேர்தல் நின்றது. அதன் பின்னர் 2022 பிப்பிரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம் 200 வட்டங்களுக்கும் ஓர் உறுப்பினர்கூட இல்லை. தனி அலுவலர் ஆட்சிதான். அவ்விடைவெளியில் நடந்தவை எவை? 2017-இல், இசைவின்றியும் இசைவை மீறியும் எழுந்த கட்டடங்களுக்கு விலக்களிக்கும் நெறிகள் வந்தன. அதே ஆண்டில், ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் நெறிகள் வந்தன. 2019 பிப்பிரவரியில் தமிழ்நாடு முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட நெறிகள் அரசாணையாக வந்தன.

வீட்டுக்காரன் ஊரிலில்லாத பொழுது பார்த்து எல்லைக்கல்லைப் பெயர்த்து நடுவது பழைய வழக்கம். நகரத்தாரின் மன்றம் இல்லாத பொழுது பார்த்து நகரத்தின் எல்லைக்கல்லைப் பெயர்ப்பது அதன் புதிய வடிவம்.

2019-ஆம் ஆண்டு நெறிகள் செய்த மாற்றம் ஒன்றை மட்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்பர். பொதுவான கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த அது 2 ஆக உயர்த்தப்பட்டது. 2,400 சதுர அடி மனையில் முன்னர் 3,600 சதுர அடி எழுப்பலாம். இப்பொழுது 4,800 சதுர அடி. ஒரு கையெழுத்தில், ஒவ்வொரு மனைமேலும் 1,200 சதுர அடி வானத்தில் முளைத்தது! அகன்ற சாலையை ஒட்டிய மனைகளுக்குக் கட்டணம் செலுத்தினால் அதற்குமேலும் உண்டு. ஆனால் அத்தெருவின் அகலம் ஓர் அடி கூடிற்றா? நிலத்தடியில் செல்லும் கழிவுநீர்க் குழாய் ஓர் அங்குலம் பருத்ததா? குடிநீர் ஒரு குடம் மிகுந்ததா? எத்தெரு இச்சுமையைத் தாங்கும், எத்தெரு தாங்காது என்பது அத்தெருவில் வாழ்பவனுக்குத் தெரியும். அவன் தேர்ந்தெடுத்த உறுப்பினருக்கும் தெரியும். அந்த உறுப்பினரே அன்று இல்லை.

நகரம் மேல்நோக்கி வளர்தலே தீது என்பதன்று இங்குக் கூற்று. நிலம் குறைந்து மக்கள் பெருகும் நகரத்தில் மாடிகள் உயரத்தான் செய்யும். சிறு வீடு கட்டும் எளியவன் அலுவலகம் அலுவலகமாக அலையாதிருக்க, 2024 சூலையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை எழுப்பும் வீட்டிற்குத் தற்சான்று முறை கொண்டுவந்தது நல்லதே. எதை உயர்த்துவது, எங்கே உயர்த்துவது, அதற்கு ஈடாக ஊருக்கு என்ன தருவது என்பதை ஊரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதே கூற்று.

மீறியவனுக்குப் பரிசு

நெறி வகுப்பதில் ஊரைக் கேட்பதில்லை. வகுத்த நெறியையேனும் காக்கின்றனரா? அந்த வரலாற்றையும் பார்க்கட்டும் தமிழ்மக்கள்.

1971-ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-அ என்னும் பிரிவு புகுத்தப்பட்டது. 1999 பிப்பிரவரி 28-க்குள் நெறிமீறி எழுப்பப்பட்ட கட்டடங்கள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்றது அது. ‘ஒரே ஒரு முறை மட்டும்’ என்று சொல்லப்பட்டது. அவ்வாறு ஒருமுறை என்பதனாலேயே 2000-இல் உச்சமுறைமன்றம் அதனை நிற்க விட்டது. ஆனால் 2000, 2001, 2002 என ஆண்டுதோறும் திருத்தம் செய்து அக்கடைசி நாள் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டது. அத்திருத்தங்களை 2006-இல் சென்னை உயர்முறைமன்றம் தள்ளுபடி செய்தது. இடிப்பு நெருங்கியதும், 2007-இல் ‘அவசரச் சட்டம்’ ஒன்று பாய்ந்து வந்து தடுத்தது. பின்னர் 113-இ என்னும் பிரிவு. அதன்கீழ் 2007 சூலை முதல் நாளுக்கு முன் எழுந்தவற்றிற்கு விலக்கு என்று 2017-இல் நெறிகள்.

ஏரி உடைந்தபோது ஆட்சிக்கு இத்துணை விரைவு இருந்ததா? ஏழையின் குடிசையை அடையாற்றங்கரையினின்று பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் ஏற்றி அனுப்பியபோது, அவனுக்கென்று ஓர் அவசரச் சட்டம் பிறந்ததா? அவன் நெறிமீறினால் அது வன்கவர்வு. பெருவணிகன் மீறினால் அது வரன்முறை!

இதனால் விளைந்த கேடு கட்டடத்தோடு நிற்கவில்லை. சட்டத்தை மதித்துப் பக்கத்திற்குப் பக்கம் திறவிடம் விட்டு, மூன்று மாடியோடு நிறுத்தியவன் ஏமாளி ஆனான். எல்லைச் சுவர் மேலேயே ஏழு மாடி எழுப்பியவன் கெட்டிக்காரன் ஆனான். மன்னிப்பு எப்படியும் வரும் என்று தெரிந்த பின் எவன் நெறிக்கு அஞ்சுவான்?

கட்டட நெறிகள் அலுவலர் பொழுதுபோக்கிற்காக எழுதியவை அல்ல. ஒவ்வொரு நெறிக்கும் பின்னே பிணங்கள் கிடக்கின்றன. பக்கத் திறவிடம் இருந்தால்தான் தீயணைப்பு ஊர்தி உள்ளே சுற்றிவர முடியும். தியாகராயர் நகரில் 2008-இல் ஒரு வணிகக் கட்டடம் எரிந்து இருவர் இறந்தனர். அதே பகுதியில், 2017 மே 31 அன்று, இசைவை மீறி மாடிகள் எழுப்பப்பட்ட ஒரு துணிக்கடைக் கட்டடம் தீப்பற்றி, ஒரு நாளுக்கு மேலாகியும் அணைக்க முடியாமல் எரிந்து, இறுதியில் இடித்துத் தள்ளப்பட்டது. குடந்தையில் 2004 சூலை 16 அன்று, கூரை வேய்ந்த பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் கரிந்தனர். போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் 2014 சூன் 28 அன்று, கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது; 61 பேர் மாண்டனர். அவருள் மிகப் பலர் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர். அந்தக் கட்டடம் திருட்டுத்தனமாக எழுந்ததன்று. குழுமத்தின் ஒப்புதல் பெற்றே எழுந்தது! வல்லுநர் கையில் இருந்தால் தவறு நேராது என்போர் மவுலிவாக்கத்திற்கு என்ன விடை வைத்துள்ளனர்?

பள்ளிக்கரணை

நிலத்தின் வகைப்பாட்டை மதியாமையின் முடிவைக் காண வேறெங்கும் செல்ல வேண்டா. பள்ளிக்கரணைக்குச் சென்றால் போதும். ஒரு காலத்தில் ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர் பரந்து கிடந்த சதுப்பு அது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியே வெளியேறி, கோவளத்துக் கழிமுகத்தால் கடல் சேரும். இயற்கை அமைத்த வடிகாலும் அதுவே. வற்றாத நீர்த்தொட்டியும் அதுவே.

ஆவணங்களில் அதற்குப் பெயர் ‘பயனற்ற நிலம்’. அப்பெயரால் பெருங்குடியில் குப்பை மலை எழுந்தது. அப்பெயரால் சாலை வந்தது. தொடர்வண்டித் தடம் வந்தது. நடுவணரசின் ஆய்வு நிறுவனங்களே வந்து அமர்ந்தன. அரசே வழிகாட்டிய பின் தனியார் பின்னிற்பரா? கணிப்பொறி மாளிகைகளும் அடுக்குமாடிகளும் வரிசை கட்டின. எஞ்சியது பத்தில் ஒரு பங்களவே. 2015 திசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியபோதும், 2023 திசம்பரில் மீண்டும் பள்ளிக்கரணைச் சுற்றுப்புறம் மிதந்தபோதும், நீர் ஊருக்குள் வந்துவிட்டது என்றனர். நீர் தன் வீட்டிற்குத்தான் வந்தது. ஊர்தான் நீருக்குள் சென்றிருந்தது. 2022-இல் 1,247 எக்டர் பரப்பு உலக அளவிலான இராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஈரானின் இராம்சார் நகரில் எழுந்த உடன்படிக்கைக்குத் தெரிந்த இந்நிலத்தின் பெறுமதி, கோட்டைக்குத் தெரிய எத்தனை வெள்ளம் வேண்டியிருந்தது!

தமிழன் இதனைப் பிறரிடம் கற்க வேண்டியவனும் அல்லன். பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைக் காக்கவே ஏரி வாரியம் என ஓர் உறுப்பினைக் குறிக்கிறது. குடவோலையால் ஆள் தேர்ந்தெடுத்தனர். கணக்குக் காட்டாதவனை விலக்கினர். அவ்வவை எல்லார்க்கும் திறந்த அவையன்று. நிலமும் மறைப்பயிற்சியும் உடைய பார்ப்பனர்க்கே உரியதாயிருந்தது. அக்குறையை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் ஏரியைப்பற்றிய முடிவு ஏரிக்கரையிலேயே எடுக்கப்பட்டது. எல்லார்க்கும் வாக்குண்டு என்று பறைசாற்றும் இக்காலத்தில், வாக்கு எல்லார்க்கும் வந்தது. ஏரி கையைவிட்டுப் போயிற்று.

மறுப்பும் விடையும்

‘மாமன்ற உறுப்பினர் கையில் நிலத்தைக் கொடுத்தால் விற்றுவிடுவர்’ என்பது முதல் மறுப்பு. அவ்வாறு செய்வாரும் இருப்பர். ஆனால் அவர் கையில் இல்லாத இத்தனை ஆண்டுகளில் நிலம் விற்கப்படாமல் இருந்ததா? மீறல்கள் இலக்கக் கணக்கில் பெருகியதனாலன்றோ வரன்முறைச் சட்டம் தேவைப்பட்டது? வட்டத்து உறுப்பினர் தவறினால் அவர் வீடு எத்தெருவில் என்பது மக்களுக்குத் தெரியும். கோப்பில் குறிப்பெழுதிய அலுவலர் வீடு எவர்க்குத் தெரியும்?

‘நகரமைப்பு வல்லுநர்க்குரியது’ என்பது இரண்டாவது. வல்லுநர் வேண்டும், அவர் மன்றத்திற்கு அறிவு சொல்ல வேண்டும். மருத்துவன் நோயைச் சொல்வான். அறுவைக்கு இசைவு தருவது நோயாளியின் உரிமை.

‘பெருநகரம் மாநகராட்சியின் எல்லையைக் கடந்தது’ என்பது மூன்றாவது. அதற்கும் அரசியற் சட்டமே வழி வகுத்துள்ளது. பெருநகரத் திட்டக் குழு அமைக்கப்பட ‘வேண்டும்’ என்கிறது அது. அதன் உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர் நகராட்சி, ஊராட்சி உறுப்பினர்களால் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. இங்கே ‘கலாம்’ இல்லை.

மொழியும் பூட்டே

1956-இலேயே தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழி ஆயிற்று. ஆயினும் 2019-ஆம் ஆண்டுக் கட்டட நெறிகள் வரையப்பட்டது ஆங்கிலத்தில். தமிழன் தன் சொந்த மண்ணில் எழுப்பும் சுவர், அண்டை வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும் என்பதை ஆங்கிலம் அறிந்தவனிடம் பணம் கொடுத்துக் கேட்டறிகிறான். கொத்தனாரும் ‘செட்பேக்’ என்கிறார், தரகரும் ‘எப்.எஸ்.ஐ.’ என்கிறார்; அவற்றின் பொருள் என்னவென்று வீட்டுக்காரிக்கு எவரும் சொல்வதில்லை. பக்கத் திறவிடம் என்றால் அவளுக்கு விளங்காதா? தளப்பரப்பு என்றால் விளங்காதா? விளங்கிவிடும் என்பதே அச்சம். விளங்காத மொழியில் கிடக்கும் நெறி, இடையில் நிற்பவனுக்குச் சோறு போடுகிறது.

இனி

இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் ஒப்புதல் பெற்றது. அதன் எல்லை 2026. மூன்றாம் முழுமைத் திட்டத்திற்கான வேலைகளும் தொடங்கின. 1,189 சதுரக் கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பரப்பு 2022-இல் 5,904 ஆக விரிக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டங்களின் வயல்களும் ஏரிகளும் அவ்வரைபடத்திற்குள் வந்துவிட்டன. நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் இன்னும் தம் தலைக்குமேல் எவ்வண்ணம் தீட்டப்படும் என்பதை அறியாதிருக்கின்றன. பள்ளிக்கரணைக்கு நேர்ந்தது அந்த ஏரிகளுக்கும் நேருமா என்பதே இன்றைய வினா.

ஆகவே, கேட்க வேண்டியவை தெளிவானவை. பன்னிரண்டாம் பட்டியலின் முதலிரு பணிகளையும் நகராட்சி மன்றங்களுக்கு ஒப்படைக்கும் சட்டம் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு தேர்ந்தெடுக்கப்பட்டோரைக்கொண்ட பெருநகரத் திட்டக் குழுவே முழுமைத் திட்டத்தை வரைய வேண்டும். ஒவ்வொரு நிலப்பயன் மாற்றமும் அவ்வட்டத்தில் தமிழில் அறிவிக்கப்பட்டு, மன்றத்தில் பேசப்பட்டு, பெயர் குறித்த வாக்கெடுப்பால் முடிவு செய்யப்பட வேண்டும். வரன்முறைக்கு இனியொரு நாள் குறிக்கப்படுதல் ஆகாது. மீறல் எழும்போது கண்மூடி நின்ற அலுவலரும் மீறியவனோடு ஒறுக்கப்பட வேண்டும். நெறிகள் அனைத்தும் தமிழில் வரையப்பட்டு, தமிழ் மூலமே வழக்கில் செல்ல வேண்டும்.

இவற்றைக் கோட்டை தானாகத் தராது. மாமன்றத்திற்கு வாக்குக் கேட்டு வருவோரிடம், எக்கட்சியினராயினும், ஒரே ஒரு வினாவை வாயிலில் நிறுத்திக் கேட்கட்டும் மக்கள்: ‘எங்கள் தெருவின் நிலத்தைப்பற்றி முடிவெடுக்கும் உரிமையை மன்றத்திற்கு மீட்டுத் தருவாயா?’ விடை சொல்லாதவனுக்கு வாக்கில்லை என்னும் உறுதி 200 வட்டங்களிலும் எழுமானால், பூட்டின் திறவுகோல் தானே வெளிவரும். எழாவிட்டால், அடுத்த வெள்ளத்தில் படகுக்குக் காத்து நிற்கும்போதும், அந்நீர் எவர் கையெழுத்தால் வந்ததென்று அறியாமலேயே சென்னைத் தமிழன் நிற்பான்.